முட்டை வேன் போகும் பாலம்

பஸ் பாலத்தில் ஏறும் முன் அவள் செருப்பைக் கழற்றிவிடுவாள். பதினான்கு வருடமாக இந்தப் பழக்கம். ஜன்னலோரம் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பாள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் தொடங்குவது தெரிந்ததும், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் இரண்டு செருப்பையும் உருவி ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறும் பாதத்தைப் பஸ்ஸின் தகரத் தரையில் அழுத்தி வைப்பாள். கண் தானாக மூடிக்கொள்ளும். முதல் இணைப்பில் ஒரு 'டக்'. நடுவில் மெல்லிய ஏற்றம், இறக்கம். கடைசி இணைப்பில் இன்னொரு 'டக்'. பாலம் முடிந்ததும் தலையை லேசாக ஆட்டுவாள், அல்லது உதட்டைப் பிதுக்குவாள்.

"என்னம்மா, பாஸா பெயிலா?" என்று மகள் கேட்பாள்.

"என்னிக்காவது ஒத்தைச் செருப்போடதான் வீட்டுக்கு வரப்போறா பாரு" என்பார் கணவர்.

ஒருமுறை அது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. பழைய பாலம் ஒன்றில், சாலையும் பாலமும் சேருமிடத்தில் மண் இறங்கிக் கிடந்தது. பஸ் குதித்த குதியில் அவளுடைய இடது செருப்பு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் அதை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, "இது யாருதும்மா? டிக்கெட் எடுக்காம தனியா முன்னாடி வந்திருக்கு!" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவள் காது மடல் சிவக்கச் செருப்பை வாங்கிக்கொண்டு இறங்கினாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள். "அந்தப் பாலம் பெயில்."

அவள் பாலங்களில் கான்கிரீட் தளம் போடும் குழுவில் வேலை செய்கிறவள். படிப்பு ஏழாவதோடு நின்றது. எழுத்து வந்தது, கணக்கும் வந்தது. எழுந்து நின்று வாசி என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த வருடம் அப்பாவுக்கு முதுகு போயிற்று. அக்காவோடு வேலைக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் அவளைத் தேடவில்லை, அவளும் பள்ளிக்கூடத்தைத் தேடவில்லை.

பால வேலையில் அவளுக்கு முதலில் கிடைத்தது ஈரச்சாக்கு வேலை. புதிதாகப் போட்ட தளம் காய்ந்து வெடிக்காமல் இருக்க, சாக்கைப் பரப்பி வேளாவேளைக்குத் தண்ணீர் விடவேண்டும். ஒருநாள் மேஸ்திரி வந்து பார்த்தார். ஒரு மூலையில் மட்டும் சாக்கு இரண்டு மடிப்பாகக் கிடந்தது.

"ஏம்மா, அங்க மட்டும் என்ன ரெட்டை மெத்தை?"

அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது. "அங்க தண்ணி நிக்கலைங்க. மேடு. ஓடிப்போயிடுது. சீக்கிரம் காஞ்சிடும்."

மேஸ்திரி மட்டக்கோலைக் கொண்டுவரச் சொன்னார். பத்தடி நீள அலுமினியக் கோல் அது. தளத்தில் படுக்க வைத்துக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். வைத்துப் பார்த்தார். மேடுதான், அரை விரல்கூட இல்லாத மேடு. மேஸ்திரி அவளையும் கோலையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த பாலத்திலிருந்து அந்தக் கோல் அவள் கைக்கு வந்தது.

அதோடு ஒரு பட்டப்பெயரும் வந்தது. கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும், காதைப் பிளக்கும் வைப்ரேட்டரோடு நாளெல்லாம் மல்லுக்கட்டும் பெண் ஒருத்தி குழுவில் இருந்தாள். வாயாடி. "இந்த அக்கா பக்கத்துல நின்னா என் மெஷின் சத்தங்கூட அடங்கிடுதுய்யா. இவங்கதான் நம்ம சைலன்சர்" என்றாள். அன்றிலிருந்து சைலன்சர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

பேசாதவளுக்குக் கண் கூர்மையாக இருந்தது. தளம் போடும்போது கான்கிரீட்டைத் தட்டிச் சமப்படுத்த ஒரு மெஷின் உண்டு. அது ஓடுவதற்காகப் பாலத்தின் இரு ஓரமும் நீளமாகக் குழாய் போட்டிருப்பார்கள். குழாயின் கால்களில் திருகுகள் இருக்கும். திருகைச் சுற்றினால் குழாய் ஏறும், இறங்கும். குழாய் எப்படியோ தளமும் அப்படியே. சர்வேயர் அளந்து வைத்துவிட்டுப் போன பிறகு, அவள் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக் குழாய் நெடுகப் பார்ப்பாள். எங்காவது நூலளவு தூக்கலாகத் தெரிந்தால் ஸ்பேனரை எடுத்து ஒரு அரைச் சுற்று சுற்றிவிடுவாள். யாரிடமும் சொல்லமாட்டாள். தளமும் கண்ணாடி மாதிரி வரும். மேஸ்திரிக்கு இது தெரியும். "விடு, சைலன்சர் கை பட்டா நல்லதுதான்" என்று விட்டுவிட்டார். ஏழு பாலம் இப்படிப் போயிற்று. ஏழும் கான்கிரீட் பீம்மேல் உட்கார்ந்த பாலங்கள்.

எட்டாவது இரும்புப் பாலம். அகலமான ஆற்றின்மேல் நீள நீளமாக இரும்பு கர்டர்கள் போட்டிருந்தார்கள். அவற்றின்மேல் கான்கிரீட் தளம் வரவேண்டும்.

சர்வேயருக்கு அந்த வாரம் பல்வலி. ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சம்பழம் ஒதுக்கியது மாதிரி வீங்கியிருந்தது. கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டே கருவியில் கண் வைத்தார், கணக்கு நோட்டைப் பார்த்தார், திருகுகளைச் சுற்றச் சொன்னார். மத்தியானம் மெஷினை வெறுமனே ஓட்டிப் பார்த்து எல்லாம் சரி என்றார்கள். மறுநாள் விடிந்ததும் கான்கிரீட்.

சாயங்காலம் அவள் வழக்கம்போல் முட்டி போட்டுப் பார்த்தாள். திடுக்கென்றது. நடுவில் குழாய் பூனை முதுகைத் தூக்கியது மாதிரி நின்றது. நூலளவெல்லாம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். ஏழு பாலத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. பாவம் மனுஷன், பல்வலியில் எதையோ மாற்றிக் கூட்டிவிட்டார் என்று நினைத்தாள்.

கேட்டிருக்கலாம். அவர் ஐம்பதடி தூரத்தில்தான் நின்றார். ஆனால் அவரைச் சுற்றி மேஸ்திரி, லாரிக்காரர்கள் என்று ஏழெட்டுப் பேர். அத்தனை பேர் நடுவில் போய், சார் உங்க கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வது? பாதி தூரம் போனாள், திரும்பினாள். மறுபடி போனாள். சர்வேயர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அவள் ஸ்பேனரை எடுத்தாள். பூனை முதுகின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு நூலைக் கட்டி, இரண்டு குழாயிலும் நடுவில் நாற்பதடிக்குத் திருகுகளை இறக்கி, முதுகைத் தட்டையாக்கினாள். இருட்டும் முன் முடித்துவிட்டாள். அவர் பேச்சு வாங்காமல் தப்பித்தார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கான்கிரீட் விழ விழத்தான் அவளுக்கு விளங்கியது. லாரி லாரியாகப் பாரம் ஏற ஏற, இரும்பு கர்டர் மெல்லக் கீழே வளைந்தது. கூடவே குழாயும் இறங்கியது. நேற்று தூக்கி நின்ற ஓரங்கள் மட்டத்துக்கு வந்தன. அவள் தட்டையாக்கிய நடு, மட்டத்துக்கும் கீழே போயிற்று. பாரத்தில் இரும்பு குனியும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த மனுஷன் முதுகைத் தூக்கி வைத்திருந்தார். பல்வலியிலும் ஒரு நூல் பிசகாமல் வைத்திருந்தார்.

 கையில் மட்டக்கோல் இருந்தது. வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. நாற்பதடிப் பள்ளத்தில் பத்தடிக் கோலுக்கு என்ன தெரியும்? "சைலன்சர், எப்படி?" என்று மேஸ்திரி கத்தினார். அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் பக்கத்துப் பழைய பாலம் பழுதாகி, வண்டிகளை அவசரமாகப் புதுப் பாலத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அப்படித் திரும்பிய வண்டிகளில் அவள் கணவர் ஓட்டும் முட்டை வேனும் ஒன்று.

முதல் நாள் சாயங்காலமே ஒரு தூக்குவாளியோடு வந்தார். வாளி நிறைய உடைந்த முட்டை. ஓடு விரிசல் விட்டது கடைக்கு ஆகாது என்று முதலாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"புதுப் பாலமாம், புதுப் பாலம்! பார்த்தா பளபளன்னு இருக்கு. நடுவுல போனா வயிறு வாய்க்கு வருது. வேன் ஒரு முங்கு முங்கி எழுந்திருக்குது. எந்த மகராசன் கட்டினானோ, அவன் தலையில இதெல்லாத்தையும் ஊத்தணும்."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் குழு போட்ட பாலம் என்று அவருக்குத் தெரியும். மேஸ்திரியையும் மெஷினையும்தான் திட்டினார், வீட்டிலிருப்பவள் அவர் நினைப்பில் வரவில்லை.

பதினாறு நாள். தினமும் வாளி வந்தது. தினமும் ஆம்லெட், முட்டைப் பொரியல் இல்லையென்றால் முட்டைக் குழம்பு. அப்போது நாலு வயதான மகள், "மறுபடியும் முட்டையா?" என்று தட்டைத் தள்ளினாள். சமைத்தவள் மட்டும் மறுபேச்சில்லாமல் தின்றாள். தான் செய்ததைத் தானே தின்று தீர்ப்பது மாதிரி இருந்தது.

வண்டிக்காரர்கள் முதல் நாளிலிருந்தே புகார் சொல்லிக்கொண்டிருந்ததால், பதினேழாம் நாள் சோதனை வண்டி வந்தது. நீளமான இரும்புச் சட்டம், இரு முனையிலும் வரிசையாகச் சின்னச் சக்கரங்கள், நடுவில் தனியாக ஒரு சக்கரம். தள்ளிக்கொண்டு போனால் நடுச் சக்கரம் ஏறி இறங்குவதை ஒரு பேனா காகிதத்தில் கோடாக இழுத்துவிடும். பாலத்தின் நடுவில் அந்தக் கோடு தொட்டில் மாதிரி தொங்கியது.

"சர்வேயர் வேலைக்கு ஆபத்து. நாளைக்குப் பெரிய இன்ஜினியரம்மா வர்றாங்க, விசாரணை" என்றார் மேஸ்திரி. ஸ்பேனர் பிடித்த கையை அவர் பார்க்கவில்லை. ஏழு பாலத்தில் யாரும் குறை சொல்லாத கை அது, அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் வேலையிடத்து ஆபீஸ் ஷெட்டைக் கடந்து போனாள். சர்வேயர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, அதே கூட்டலை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். பல்லைப் பிடுங்கியிருந்தார், கன்னம் வற்றியிருந்தது. அவளைப் பார்த்ததும், "கணக்கு சரியாத்தாம்மா வருது. அப்புறம் எப்படின்னு தெரியல. வலியில நான்தான் எங்கயோ மாத்திச் சொல்லியிருக்கணும்" என்றார். தப்பைத் தன்மேலேயே போட்டுக்கொண்டுவிட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கணவர் வழக்கமான அர்ச்சனையைத் தொடங்கினார். "எந்த மகராசன்..."

"மகராசன் இல்லைங்க. நான்."

அவர் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கேட்டு முடித்து அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்போ பதினாறு நாளா எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆளையேதான் திட்டிட்டு இருந்தேனா? சும்மா கேட்டுட்டு இருந்தியே, ஒரு கரண்டியாவது எடுத்து எறிஞ்சிருக்கக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடு. வேலை போனா போகட்டும், பார்த்துக்கலாம். அந்த மனுஷன் பேரு கெடக்கூடாது. நான் கூட வரட்டுமா?"

"வேணாங்க. நீங்க வந்தா நீங்கதான் பேசுவீங்க."

மறுநாள் ஷெட்டில் எட்டுப் பேர். பெரிய இன்ஜினியரம்மா மேஜைமேல் காகிதச் சுருளை விரித்திருந்தார். சர்வேயர் ஓரமாக நின்றார். அவள் வாசலில் வந்து நின்றாள். நாக்கு பழையபடி மேலே ஒட்டிக்கொண்டது. வாய் வராது என்று தெரிந்தேதான் ஸ்பேனரை எடுத்து வந்திருந்தாள். நேரே போய், அந்தத் தொட்டில் கோட்டின்மேல் அதை வைத்தாள். விரலால் கோட்டைத் தொட்டாள்.

"இது நான். சார் கணக்கு சரி. முதல் நாள் சாயங்காலம் நான் இறக்கிட்டேன்."

 "ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார் இன்ஜினியரம்மா.

"கூட்டம் இருந்துச்சுங்க."

யாரோ பக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். சர்வேயர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "பதினாறு நாள், தூக்கம் இல்ல எனக்கு. என் கண்ணையே நான் நம்பல. அது தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அது நியாயமான கோபம்.

அப்போது மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. "அம்மா, திருகுல கை வைக்க விட்டது நான். ஏழு பாலமா பார்த்துட்டு சும்மா இருந்தேன். தண்டனைன்னா எனக்கும் சேர்த்துக் குடுங்க" என்றார்.

இன்ஜினியரம்மா இருவரையும் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "சொன்னதால ஒரு நல்லது. பள்ளம் எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு இப்ப அடி சுத்தமாத் தெரியும். கர்டர்ல கோளாறு இல்ல. இல்லாட்டி எல்லாத்தையும் சந்தேகப்பட்டுக் கொத்தியிருப்போம். அந்த நாற்பதடியை மட்டும் சுரண்டி, மேல ஒரு பூச்சு ஏத்தி, ரெண்டு ஓரத்தையும் தேய்ச்சு விட்டாப் போதும். உள்ள இருக்கிற கம்பிக்கு மேல இருக்கவேண்டிய கான்கிரீட் கனமும் அதுல சரியாயிடும்." பிறகு அவளைப் பார்த்து, "வேலை முடியறவரைக்கும் நீங்க ஈரச்சாக்கு. ஸ்பேனர் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

வேலை போகவில்லை. அவளுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. வைப்ரேட்டர்காரி தோளைப் பிடித்து உலுக்கி, "அக்கா, சாக்கு! சாக்குதான்! வா, நானும் ரெண்டு தூக்கறேன்" என்றாள்.

மூன்றாம் நாள் சர்வேயர் அவள் சாக்கு பரப்பும் இடத்துக்கு வந்தார். இரண்டு செங்கல்லை வைத்து, அவற்றின்மேல் தன் நீள இரும்பு அடிக்கோலைப் பாலம் மாதிரி வைத்தார். நடுவில் ஒரு சின்னக் கல்லை வைத்தார். கோல் வளைந்தது. பிறகு அடிக்கோலை எடுத்துவிட்டு ஒரு தடித்த மரச்சட்டத்தை வைத்து, அதே கல்லை வைத்தார். சட்டம் அசையவில்லை.

"இது நீங்க பார்த்த ஏழு பாலம். அந்த அடிக்கோல் இந்தப் பாலம்" என்றார். அவள் தலையாட்டினாள். "உங்க கண்ணுல குறை இல்ல. குழாய் நிஜமாவே தூக்கித்தான் இருந்துச்சு. அடுத்த தடவை கூட்டம் இருந்தா, தூரத்துல நின்னு கையைத் தூக்குங்க. நான் வர்றேன்."

பூச்சு காய்ந்து பாலம் மறுபடி திறந்த அன்று, கணவர் பக்கத்து சீட்டில் ஒரு தட்டு முட்டையைக் கயிறுகூடக் கட்டாமல் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார். அவள் வேனுக்குள் பின்னால் தரையில் உட்கார்ந்து, முதல் முறையாகச் செருப்பைக் கழற்றிப் பாதத்தால் பார்த்தாள். டக். மெல்லிய ஏற்றம், இறக்கம். டக். நடுவில் அந்த முங்கல் இல்லை.

தட்டை அப்படியே ஷெட்டுக்குக் கொண்டுபோய்ச் சர்வேயர் மேஜையில் வைத்தாள். நன்றி என்று சொல்ல நினைத்திருந்தாள். வந்தது வேறு.

"முப்பது சார். முப்பதும் முழுசு."

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பல் பிடுங்கிய இடம் தெரியச் சிரித்தார். "மெல்றதுக்குக் கஷ்டமில்லாததாப் பார்த்துத்தான் குடுத்திருக்கீங்க."

அடுத்த பாலத்தில் மட்டக்கோல் மறுபடி அவள் கைக்கு வந்தது. குழாயை வைத்து முடித்ததும் சர்வேயர் ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட் வாங்கி வந்து, ஒவ்வொரு திருகின் தலைக்கும் காலுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். யாராவது அரைச் சுற்று சுற்றினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். வைப்ரேட்டர்காரி அதற்குச் சைலன்சர் பெயிண்ட் என்று பெயர் வைத்தாள். பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கதை தெரியாத குழுக்களிலும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள் என்று கேள்வி.

அவள் கையைத் தூக்கக் கற்றுக்கொண்டாள். இதுவரை பதினொரு முறை தூக்கியிருக்கிறாள். ஒன்பது முறை குழாய் சரியாகவே இருந்தது. அவர் வந்து விளக்கிவிட்டுப் போனார். இரண்டு முறை அவள் கண் சொன்னதுதான் சரி. ஒன்பது முறைக்கும் அவர் முகம் சுளிக்கவில்லை என்பதைத்தான் அவள் மகளிடம் அதிகம் சொல்வாள்.

இப்போது சர்வேயர் ஓய்வு பெற்றுவிட்டார். மேஸ்திரிக்கு முழங்கால் வலி, நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்குகிறார். கணவர் அதே முட்டை வேனை அதே பாலத்தில் ஓட்டுகிறார், வாளி வீட்டுக்கு வருவதில்லை. அவள் பத்தொன்பதாவது பாலத்தில் வேலை செய்கிறாள். அதுவும் இரும்புப் பாலம். நாளை காலை கான்கிரீட். குழாய் நடுவில் தூக்கி நிற்கிறது. திருகுகளில் சிவப்புக் கோடு விலகாமல் இருக்கிறது.